கிட்டங்கியில் ஒரு கண்காட்சி

உவரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்க ஊர்ப் பெண்கள் முடைகிற ஓலைப்பெட்டி, சிப்பி வேலை, பிள்ளைகள் வரைந்த படம் எல்லாத்தையும் கண்காட்சியா வைக்க ஆசை. பூட்டிக் கிடக்கிற பழைய கிட்டங்கிதான் கிடைக்கும் போல. அங்கே வைத்தால் யாராவது மதிச்சு வருவாங்களா?"

பேஷாக வருவார்கள், சகோதரி! ஆலப்புழையும் உங்கள் ஊரைப் போலக் கடலோர ஊர்தான். 1859-ல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே கயிற்றுத் தொழிற்சாலை ஆரம்பித்தார். பின்னால் எத்தனையோ ஆலைகள் வந்தன. காலம் மாறியதும் பல மூடிக்கொண்டன. அந்தப் பழைய கட்டிடங்களில்தான் 2021-ல் கொச்சி பினாலே அறக்கட்டளையினர் 'லோகமே தறவாடு' என்ற கலைக் கண்காட்சியை நடத்தினார்கள். உலகமே நம் குடும்ப வீடு என்று அர்த்தம். மலையாளக் கலைஞர்கள் 267 பேரின் படைப்புகள்! கொரோனாவால் நடுவில் மூட நேர்ந்தும், மறுபடி திறந்தார்கள்.

இதில் நாம் யோசிக்க ஒன்று உண்டு. காயலில் மாதக்கணக்கில் ஊறிய தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்ததும், ராட்டில் கயிறு திரித்ததும் பெரும்பாலும் பெண்கள்தான். அந்தக் கயிறு சீமைக்கெல்லாம் போனது. திரித்தவள் பெயர் எங்காவது இருந்ததா? சித்திரத்தின் கீழே மட்டும்தானே பெயர் போடுகிறோம்!

ஆகவே, உங்கள் கண்காட்சியில் ஒவ்வொரு பெட்டிக்கும், கொட்டானுக்கும் பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள். 'இன்னார் மனைவி', 'இன்னார் அம்மா' என்றெல்லாம் வேண்டாம். சொந்தப் பெயர், யாரிடம் கற்றார், செய்ய எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதுங்கள். வயசான பாட்டிமார் கைவேலையை முன்வரிசையில் வையுங்கள்.

சில ஜாக்கிரதைகள்: கூரையையும் மின்சார வயரையும் விஷயம் தெரிந்தவரிடம் முதலில் காட்டிவிடுங்கள். இரண்டு நாள் முன்பே கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு, தண்ணீர் தெளித்து, மூக்கை வாயைத் துணியால் மூடிக்கொண்டு பெருக்குங்கள். கடற்காற்றின் ஈரம் படங்களைக் கெடுக்கும். சுவரில் ஒட்டாமல் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் வரைந்தவை பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. யாராவது விலை கேட்டால், "அட, சும்மா எடுத்துக்கோங்க" என்று தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஓலைக்கும் உழைப்புக்கும் கணக்குப் போட்டு, கூச்சப்படாமல் சொல்லுங்கள்!