துல்லிய இயந்திரமாம்!

பெயரைப் பாருங்கள், நண்பர்களே! "சீனத் துல்லிய இயந்திர இறக்குமதி ஏற்றுமதிக் கழகம்!" கைக்கடிகாரமோ தையல் இயந்திரமோ விற்கும் கடை என்றுதானே எண்ணுவீர்கள்? விற்பது ஏவுகணை! விற்பவர் தனி வணிகரல்லர். பாட்டாளியின் பெயரால் ஆளும் சீன அரசு!

1980-ல் கழகம் பிறந்தது. அதே ஆண்டு ஈரானும் ஈராக்கும் போரில் இறங்கின. எட்டாண்டுப் போர், இலட்சக்கணக்கில் சாவு. 'பட்டுப்புழு' என்று மேல்நாட்டார் பெயரிட்ட சீன ஏவுகணை ஈரானிடம் இருந்தது. ஈராக்கிடம்? அங்கும் இருந்தது! இரு வீட்டாருக்கும் கொள்ளி விற்றுவிட்டு, சண்டை வேண்டாம் என்று உபதேசம் வேறு! 1987 அக்டோபரில், குவைத் கடலில், அமெரிக்கக் கொடி பறந்த எண்ணெய்க் கப்பலை அந்தப் புழு தாக்கிற்று. ஈரானுக்கு நாங்கள் விற்கவில்லை என்றது பெய்ஜிங். தானே ஊர்ந்து போயிற்று போலும்!

அமெரிக்கா மட்டும் யோக்கியமா என்பீர்கள். இல்லைதான், அந்தக் கணக்கு தனியே பெரிது.

அரசே விற்றால் கட்டுப்பாடு இருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. உரிமம் தருவதும் அரசு, சரக்கை விற்பதும் அரசு, பணத்தை எண்ணுவதும் அரசு; தடுப்பவர் யார்? சீனத்தின் சி-802 ஈரானுக்குப் போயிற்று. அந்த வகை ஏவுகணை அங்கிருந்து லெபனானின் ஹிஸ்புல்லா கைக்குச் சேர்ந்தது. 2006 ஜூலையில் இஸ்ரேலின் ஹனித் போர்க்கப்பலில் அது பாய்ந்து நான்கு மாலுமிகள் மாண்டனர். ஹிஸ்புல்லா ஓர் அரசல்ல. கழகத்தோடு ஒப்பந்தம் போட்டதுமில்லை. விற்ற சரக்கு எந்தக் கைக்குப் போகும் என்று கழகம் ஈரானைக் கேட்டதா?