லாரியின் முன் டயருக்கு விலையை முதலில் கேட்காதீர்கள்

மாணவர்களே, நெடுஞ்சாலையில் சரக்கு ஏற்றிய ஒரு பெரிய லாரி உங்கள் காரைக் கடந்து போகும்போது எதைக் கவனிப்பீர்கள்? பெரும்பாலும் அதன் நீளத்தையும் மேலே இருக்கும் சுமையையும்தான். அடுத்த முறை அதன் முன் டயர்கள் இரண்டையும் பாருங்கள். அத்தனை டன் எடையையும் வளைவில் திருப்புவது அவைதான். அவை தேய்ந்து, புதியவை வாங்கும் நேரம் வந்தால், “எது மலிவு?” என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. இது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலிலேயே இருக்கின்றன.

முதலில் டயர்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பெரிய லாரிகளின் பின்பக்கத்தில், அச்சின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு டயர்கள் ஜோடியாக இருக்கும். ஒன்று வெடித்தால் மற்றொன்று சற்று நேரமாவது சுமையைத் தாங்கும். முன்பக்கத்தில் ஒரு முனைக்கு ஒரே டயர்தான். அது வெடித்தால் தாங்குவதற்குத் துணை டயர் இல்லை. அந்தப் பக்கம் தாழ்ந்துவிடும். உருள்வதற்கான தடை திடீரென்று கூடும். வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். பக்கத்துத் தடத்தில் செல்பவர்களுக்கும் ஆபத்து.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு முன் டயர் 3,500 கிலோ சுமையைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை விசை ஏறத்தாழ 34,300 நியூட்டன். டயரின் காற்றழுத்தம் 850 கிலோபாஸ்கல் என்றால், விசையை அழுத்தத்தால் வகுக்கும்போது சாலையைத் தொடும் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர் என்று வரும். அதாவது 20 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் நீங்கள் எழுதும் ஏ4 தாளைவிடச் சிறிய அளவு அது. மழையில் நனைந்த சாலையில் அப்படிப்பட்ட இரண்டு துண்டுகளை நம்பித்தான் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? டயரின் பக்கச்சுவரிலேயே பதில் எழுதியிருக்கிறது. 295/80ஆர்22.5 என்றால் டயரின் அகலம் 295 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 22.5 அங்குலம். அதன் அருகே 152/148 என்று இருந்தால் அது சுமைக் குறியீடு. 152 என்பது தனி டயராக ஓடும்போது 3,550 கிலோ. 148 என்பது ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 3,150 கிலோ. லாரியைத் தயாரித்தவர் குறிப்பிட்ட சுமைக் குறியீட்டுக்குக் குறைந்த டயரை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. முன்பக்க டயர்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். சுற்றுவட்டமாக நேர்க்கோட்டில் ஓடும் பள்ளங்கள் கொண்ட டயரே பொதுவாக முன்பக்கத்துக்கு ஏற்றது. அது சீராகத் தேயும். மழை நீரையும் நன்றாக வெளியேற்றும்.

பலர் பார்க்காமல் விடுவது டயரின் வயது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருந்தால் டயர் நல்ல டயர் என்று நினைப்பது தவறு. ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே பிணைப்புகள் உருவாகி, அது உறுதியாகிறது. ஆனால் காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அந்த ரப்பரை மெல்ல மெல்லத் தாக்கிக்கொண்டே இருக்கும். ரப்பர் இறுகும், நுண்ணிய வெடிப்புகள் தோன்றும், உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகளோடு அதன் பிடிப்பு தளரும். ஓடாமல் கடையில் கிடந்த டயருக்கும் வயது ஏறும்.

இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு ஒரு சுற்றுலாப் பேருந்தின் முன் டயர் வெடித்து மூவர் உயிரிழந்தனர். அந்த டயருக்கு வயது 19. அது அந்தப் பேருந்தைவிடப் பழையது. பிள்ளையை இழந்த ஒரு தாய் பல ஆண்டுகள் போராடினார். 2021 பிப்ரவரி முதல், லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டயரைப் பொருத்த அந்நாட்டில் தடை உள்ளது. வெப்பம் கூடினால் வேதிவினையின் வேகமும் கூடும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆகவே ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் நம் நாட்டில் 10 ஆண்டு என்பதுகூட அதிகம் என்பேன்.

‘செலுப்’ டயர் கெட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பரை ஒட்டிப் பயன்படுத்துவது செலவையும் கழிவையும் குறைக்கும் நல்ல தொழில்நுட்பம். விமானங்களின் டயர்களைக்கூட அப்படிப் புதுப்பிக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் பேருந்தின் முன் சக்கரத்தில் புதுப்பித்த டயருக்கு அனுமதி இல்லை. அங்கே லாரியின் முன் டயரில் குறைந்தது 3.2 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும். பின் டயருக்கு 1.6 போதும். முன் டயருக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. நம் லாரிகளிலும் செலுப் டயர் பின்பக்கத்தில் ஓடட்டும், முன்பக்கத்தில் வேண்டாம்.

“புது டயர் விலை அதிகம். போட்டி நிறைந்த தொழிலில் எப்படிக் கட்டுப்படியாகும்?” என்று முதலாளிகள் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். ஆனால் முன்பக்கத்தில் போட்ட புது டயர் வீணாவதில்லை. ஓரளவு தேய்ந்ததும் அதைப் பின்பக்கத்துக்கு மாற்றலாம். பிறகு, உடல் நன்றாக இருந்தால், செலுப் செய்து மறுபடியும் ஓட்டலாம். ஒரே டயர் மூன்று முறை உழைக்கிறது. நல்ல டயரை முன்னால் போடுவது என்ற வரிசையை மாற்றாமல் இருந்தாலே போதும்.

டயரைத் தேர்வு செய்பவர் பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கிறார். அதன்மேல் உட்கார்ந்து இரவெல்லாம் ஓட்டுபவர் வேறொருவர். அவர் உங்கள் அப்பாவாகவோ மாமாவாகவோ அண்டை வீட்டுக்காரராகவோ இருக்கலாம். உங்கள் குடும்பத்தில் லாரி ஓட்டுபவர் இருந்தால், வண்டி நிற்கும்போது அவரோடு சேர்ந்து முன் டயரின் நான்கு இலக்க எண்ணையும் சுமைக் குறியீட்டையும் படித்துப் பாருங்கள். எண் பழையதாக இருந்தால், கைப்பேசியில் படம் எடுத்து முதலாளியிடம் காட்டச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதியிருக்கும் ஒன்றைக் கேட்க ஓட்டுநர் தயங்க வேண்டியதில்லை.