சொட்டு விழல... கூலன்ட் எங்கே?

பேச்சிப்பாறை அணையைப் பார்த்துட்டு, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கோதையாறு மலை ரோட்டில் ஏறுறீங்க. ஃப்ரெண்டோட டீசல் வண்டி. போன வாரம் கோடு வரை இருந்த கூலன்ட், இப்போ பாட்டில் அடியில். குனிஞ்சு பார்த்தா தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. 'விடு மக்கா, அணை நெறைய வெள்ளம் கெடக்கு. ரெண்டு குப்பி ஊத்திட்டுப் போலாம்'னு ஒருத்தன் சொல்வான் பாருங்க... அங்கேதான் வில்லங்கம்!

அவசரத்துக்கு ஊத்தி ஒர்க்‌ஷாப் வரை போறது ஓகே. அதையே பழக்கமாக்கினா கூலன்ட் நீர்த்துப் போய் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே துரு பிடிக்கும். ஓட்டையும் அப்படியே இருக்கும்.

முதல்ல சல்லிசான ஆளைச் சந்தேகப்படுங்க. ரேடியேட்டர் மூடி! அது சும்மா மூடி இல்லை பாஸ். பிரஷரைப் பிடிச்சு வெச்சு, சுமார் 120 டிகிரி வரை கூலன்ட்டைக் கொதிக்க விடாம தடுக்குது. அதோட ரப்பர் வளையம் போனா, ஏற்றத்தில் ஆவியா பறந்துடும். அடுத்தது வாட்டர் பம்ப். கசியுற சொட்டு சூட்டிலேயே காய்ஞ்சு பச்சையாவோ பிங்க்காவோ கறை ஒட்டியிருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க.

ரெண்டும் சுத்தமா? அப்போ கொஞ்சம் புது டீசல் வண்டின்னா இ.ஜி.ஆர். கூலர்னு ஒரு கில்லாடி இருக்கார். எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்புறாங்க இல்லையா, அதைக் குளிர வைக்கிறது கூலன்ட்தான். உள்ளே மயிரிழை விரிசல் விட்டா, கூலன்ட் இன்ஜினுக்குள்ள போய் ஆவியாகி சைலன்சர் வழியா எஸ்கேப்! இன்ஜின் நல்லா சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா உஷார். ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே புகை வரும். ஆனா ரேடியேட்டரில் குமிழி, பால் டீ கலரில் ஆயில்னு வேற தடயமும் இருக்கலாம்.

'கசிவுதானே'னு விட முடியாது. தென்கொரியாவில் 2018-ல் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்து தீப்பிடிச்சதுக்கு, இந்தக் கூலரில் கசிஞ்ச கூலன்ட் கரியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் சேர்ந்து படிஞ்சதுதான் காரணம்னு கம்பெனியே சொல்லுச்சு. அங்கே மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் கார்களைத் திரும்ப அழைச்சாங்க.

மெக்கானிக் 'ஹெட்டைக் கழற்றிடலாம்'னு ஸ்பானரைத் தூக்குறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் கேளுங்க. இன்ஜின் ஆறணும் (சூட்டோட மூடியைத் திறந்தா முகம் வெந்துடும்). கைபம்ப் மாட்டி, மூடியில் போட்டிருக்கிற அளவுக்குக் காத்தடிச்சு விட்டுடணும். முள் இறங்குது, வெளியே ஈரமே இல்லையா? உள்ளேதான் குடிக்குது. கூலரைத் தனியா கழற்றி, வாயை அடைச்சு, தண்ணியில் முக்கிக் காத்தடிக்கச் சொல்லுங்க. பஞ்சர் கடையில் ட்யூபுக்குப் பண்றதேதான். சில விரிசல் சூட்டில்தான் வாயைத் திறக்கும். அதனால சுடுதண்ணியா இருந்தா பெஸ்ட்!