கடைசி நம்பர் உன் நம்பர் இல்லை!

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுக்கு டேட்டாபேஸில் என்னய்யா வேலை என்று கேட்பவர்கள், எங்கள் மாமாவின் ஹார்ட்வேர் கடைக்கு ஒருமுறை வரவும். அங்கே பில் போடும் புரோகிராம் அடியேன் எழுதியது. 2024 கோடை லீவில், பைத்தானும் ஜாங்கோவும் கற்றுக்கொண்ட சூட்டோடு எழுதினது. அந்த உரிமையில் இன்றைக்குக் கொஞ்சம் திட்டப் போகிறேன். முதல் திட்டு எனக்கே :-)

விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு பில் போட்டால் இரண்டு டேபிளில் எழுதணும். யாருக்கு, என்ன தேதி, ரொக்கமா கடனா என்பதெல்லாம் ஒன்றில். வாங்கின சாமான்கள் இன்னொன்றில். ஒவ்வொரு சாமான் வரியிலும் அது எந்தப் பில்லைச் சேர்ந்தது என்று பில்லின் ஐடி இருக்கணும். அந்த ஐடியைக் கொடுப்பது டேட்டாபேஸ். பில்லை சேவ் பண்ணின பிறகுதான் அது பிறக்கிறது. அதை எப்படித் தெரிந்துகொள்வது?

கம்ப்யூட்டர் சென்டர் வாத்தியார் சொல்லிக்கொடுத்த வழி இது: சேவ் பண்ணு, அப்புறம் டேபிளில் இருப்பதிலேயே பெரிய ஐடி எது என்று கேள். மேக்ஸ்(ஐடி). இப்பத்தானே போட்டோம், கடைசியாக இருப்பது நம்முடையதாகத்தானே இருக்கும்? போர்டில் எழுதிப் போட்டார், நாங்களும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டோம். ஒருத்தன்கூட "சார், பக்கத்து சீட்டில் இன்னொருத்தன் அதே நேரத்தில் சேவ் பண்ணினால்?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கடையில் ஒரே கவுண்டர் இருந்தவரைக்கும் ஜம்மென்று ஓடியது. தீபாவளிக்கு மாமா இரண்டாவது கவுண்டர் போட்டார். 2025 பொங்கலுக்கு முந்தின வாரம், பெயிண்ட் வாங்கும் கூட்டம். ஒரு பெரியவர் அரை லிட்டர் எனாமலும் ஒரு பிரஷ்ஷும் எடுத்தார். பில்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் எங்கப்பா நாலு பக்கெட் எமல்ஷன் எடுத்தேன்?" என்றார். பதினாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் பில்! அந்த நாலு பக்கெட் பக்கத்துக் கவுண்டரில் கணக்கில் எடுத்த ஒரு காண்டிராக்டருடையது. அவர் பில் முதலில் சேவ் ஆகியிருக்கிறது. அவருடைய சாமான்களை எழுதப் போவதற்குள் பெரியவரின் பில் உள்ளே புகுந்துவிட்டது. என் புரோகிராம் "கடைசி நம்பர் என்ன?" என்று கேட்டது. டேட்டாபேஸ் நேர்மையாகப் பெரியவர் நம்பரைச் சொன்னது. காண்டிராக்டர் பேரில் சாமானே இல்லாத சைபர் ரூபாய் பில் ஒன்று தனியாக நின்றது.

பெரியவர் வாய் திறந்தார், தப்பித்தோம். அன்று ராத்திரி தேடினால் இன்னும் மூன்று சைபர் பில்கள். இரண்டுக்கு ஆளைக் கண்டுபிடித்தோம். மூன்றாவது இன்றுவரை தெரியாது. "ஏண்டா மாப்ளே, நீ படிக்கிறது அக்கவுண்டன்சிதானே?" என்றார் மாமா. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கேள்வியையே கேட்டிருக்க வேண்டாம். ஜாங்கோவில் பில்.சேவ்() என்று எழுதின அடுத்த வரியில் பில்.ஐடி என்று கேட்டால் போதும். நம்பர் அங்கேயே இருக்கிறது. ஓஆர்எம் என்பது டேபிளின் ஒரு வரியை ஒரு ஆப்ஜெக்டாக நம் கையில் கொடுப்பது. சேவ் பண்ணும்போது டேட்டாபேஸ் கொடுத்த ஐடியை வாங்கி அதே ஆப்ஜெக்டில் போட்டுவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் என்றால் இன்சர்ட்டோடு ரிட்டர்னிங் என்று கேட்டு அப்போதே வாங்கிவிடும். மைஎஸ்க்யூஎல் என்றால் கடைசியாகக் கொடுத்த ஐடியைக் கனெக்‌ஷன்வாரியாக நினைவு வைத்திருக்கும், அடுத்த கவுண்டர்காரன் நம்பர் நமக்கு வராது. ரெயில்ஸ், லாராவெல், எண்டிட்டி ஃபிரேம்வொர்க் எல்லாவற்றிலும் இதே கதைதான். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் மட்டும் ஆட் பண்ணினால் போதாது, ஃபிளஷ் பண்ணணும், அப்புறம் ஐடி வரும்.

ஸ்பீட் போஸ்ட் அனுப்பினால் கவுண்டரிலேயே நம்பர் போட்ட ரசீது கொடுக்கிறார்கள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பையில் கடைசியாக விழுந்த கவர் எது என்று எட்டிப் பார்ப்பானா ஒருத்தன்? நாங்கள் பார்த்தோம். வாத்தியார் பார்க்கச் சொன்னார்.

இதைச் சொன்னால் சீனியர் அண்ணன்கள் சண்டைக்கு வருகிறார்கள். "டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்துவிட்டால் மேக்ஸ் சரியாக வரும்டா." வராது. போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான நிலை ரீட் கமிட்டட். நான் இன்சர்ட் பண்ணினதற்கும் மேக்ஸ் கேட்பதற்கும் நடுவில் இன்னொருத்தன் போட்டு கமிட்டும் பண்ணிவிட்டால், அவன் நம்பர்தான் எனக்கு வரும். "அப்படின்னா பேரையும் போன் நம்பரையும் வைத்துத் தேடி எடு." ஒரே காண்டிராக்டர் ஒரே நாளில் மூன்று தடவை வருவார், எந்தப் பில்லை எடுப்பது? "சின்னக் கடைக்கு இது போதும்" என்பதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரவைக்கும் பதில். பெரிய கம்பெனியில் தப்பைப் பிடிக்க ஆடிட்டர் படையே இருக்கும். சின்னக் கடையில் இருப்பது மாமாவும் ஒரு நோட்டும். தவிர, சரியான வழி ஒரு வரி, தப்பான வழி இரண்டு வரி. எதை மிச்சம் பிடிக்கிறோம்?

காமர்ஸ்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லணும். சரியாக எடுத்த அந்த ஐடியையே பில் நம்பராக அச்சடிக்கிறார்கள். இன்சர்ட் பாதியில் ரோல்பேக் ஆனால் அந்த நம்பர் பெரும்பாலும் திரும்ப வராது, நடுவில் ஓட்டை விழும். ஜிஎஸ்டி விதி 46 இன்வாய்ஸ் நம்பர் தொடர் வரிசையில், 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் தனித்ததாக இருக்கணும் என்கிறது. ஐடி டேபிள்களை இணைக்க. பில் நம்பர் வேறு காலம், வேறு கணக்கு. அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன், ஏகப்பட்டது இருக்கிறது.

பி.கு: பில்.ஐடியை நம்பி மொத்தமாக பல்க்_கிரியேட் பண்ணுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். ஜாங்கோவில் போஸ்ட்கிரெஸ், மரியாடிபி, எஸ்க்யூலைட் 3.35-க்கு மேல் என்றால் ஐடி வந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லில் வராது, காலியாகத்தான் நிற்கும். மாமா கடையில் ஓடுவது மைஎஸ்க்யூஎல். அதனால் பில் தலைப்பை ஒவ்வொன்றாகத்தான் சேவ் பண்ணுகிறேன்.