புது உலகில் முதல் அடி

புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டுப் பேரனும் தோட்டத்துப் பேத்தியும் இன்று கைப்பேசியிலேயே ஒரே விளையாட்டில் சந்திக்கலாம். 2013-இல் வந்த 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' அப்படிப்பட்டதுதான். தொடங்கக் காசு வேண்டாம்.

தம்பி, தங்கைகளே! முதலில் வரும் பயிற்சித் தீவில் மீன் பிடிக்கவும் சமைக்கவும் வாள் வீசவும் நிதானமாகக் கற்றுக்கொள்ளுங்கள். சேர்த்த பொருளை வங்கியில் வையுங்கள். ஆட்டத்தில் செத்தாலும் அது போகாது. "வா, பரிசு தருகிறேன்" என்று வடக்கேயுள்ள வனாந்தரத்துக்கு அழைப்பவர் பின்னே போகாதீர்கள். அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களை வெட்டிச் சாய்த்துக் கைப்பொருளைப் பறிக்கலாம். பண்டமாற்றில் இரண்டாவதாக வரும் திரையையும் படித்த பிறகே சம்மதியுங்கள். கடவுச்சொல்லை உயிர்த்தோழனுக்கும் சொல்லாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளை ஏமாந்து வந்து நின்றால் திட்டாதீர்கள். இன்று திட்டினால், நாளை பெரிய ஆபத்து வரும்போது உங்களிடம் வாய் திறக்காது.