லாரிக்கு பில் இருக்கு, பில் போடுறவனுக்கு?

பூந்தமல்லி குடோனிலிருந்து பெங்களூருக்கு ஒரு லோடு கிளம்புகிறது. சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஈ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் இதுதான் சட்டம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அந்த பில்லுக்கு ஆயுள்கூட உண்டு!

சரி, அதைத் தட்டுவது யார்? மூலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் பி.காம். பையன். ஸ்டாக் எண்ணுவதும் அவன்தான், கணக்கு உதைத்தால் திட்டு வாங்குவதும் அவன்தான். ஆனால் பல இடங்களில் அவன் கம்பெனி ஆள் இல்லையாம், கான்ட்ராக்டர் ஆளாம்...

நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் கான்ட்ராக்ட் முறையை அரசு தடை செய்யலாம் என்றது 1970-ம் வருடச் சட்டம். தடை செய்தாலும் அந்தத் தொழிலாளி தானாகக் கம்பெனி ஆளாகிவிட மாட்டார் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தினமும் லாரி வந்து நிற்கும் குடோனில் பில் போடுவது தற்காலிக வேலையா? எந்தக் கண்ணாடி போட்டால் அப்படித் தெரியும்?

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டங்கள் வந்தாச்சு. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். ரொம்ப சந்தோஷம். கொடுப்பவர் யார்? அதே கான்ட்ராக்டர். அடுத்த வருடம் கான்ட்ராக்டர் மாறினால் அதே நாற்காலி, புதுக் கடிதம், சர்வீஸ் மறுபடி முதல் நாளிலிருந்து.