கத்தி யார் மேல்?

காஸ்டனேடாவைப் படித்துவிட்டு, ஆத்ம சாதகனுக்கு இரக்கமின்மை அவசியம் என்கிறார்கள் நண்பர்கள். அவசியம்தான். அது யார் மேல் பாய வேண்டும் என்பதில்தான் எனக்குச் சண்டை.

டான் ஹுவான் வெட்டச் சொன்னது சுயபிம்பத்தை. காஸ்டனேடாவின் வட்டத்தில் சீடர்கள் வெட்டியது குடும்ப உறவுகளை. குருவின் பிம்பம் மட்டும் வளர்ந்தது. 1998இல் அவர் இறந்ததும் நெருங்கிய சீடைகள் சிலர் மறைந்துபோனார்கள். ஒருத்தியின் எலும்புகள் 2003இல் கலிபோர்னியப் பாலைவனத்தில் கிடைத்தன.

ஜே. கிருஷ்ணமூர்த்தியோ தன்னை உலக குருவாக எதிர்பார்த்து நின்ற நட்சத்திர சங்கத்தை 1929இல் தானே கலைத்தார். கத்தி அங்கே சொந்தப் பிம்பத்தின் மேல் விழுந்தது.

ரமணர் விஷயம் சற்றுச் சிக்கலானது. 1898இல் பவழக்குன்றில் தாய் அழுதபோது அவர் அசையவில்லை. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள், 1916இல் அதே தாய் வந்து அவரோடு தங்கிவிட்டதைச் சொல்வதில்லை. 1922இல் அவள் உயிர் பிரியும்வரை அவர் கைகள் அவள் நெஞ்சிலும் தலையிலும் இருந்தன.

மடத்துக்குளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மில் முதலாளி தியானம் பயின்று வந்திருக்கிறார். கோன் வைண்டிங் பெண் லீவு கேட்டு அழுதாலும் இப்போது அவர் மனம் சலனப்படுவதில்லையாம். பற்றின்மை என்கிறார். பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டுக் கவிதை எழுதுகிற நம்மவர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்.

அவர் சம்பாதித்ததாகச் சொல்லும் சக்தி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. தியானம் அதற்கு விபூதி பூசிவிட்டது, அவ்வளவுதான்.